வாவிக்கரையின் விருதுகள்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு நகரின் விளையாட்டரங்கு வெபர் மைதானம் என வழங்குகின்றது. நம் நாட்டில் விளையாட்டரங்குகள் பெரும்பாலும் தேசாதிபதிகளின் பெயரையோ அமைச்சர்களின் பெயரையோ பூண்டு நிற்பவை. ஓடத் தெரியாதவர்களின் பெயர்களைத் தாங்கிய ஓடுதளங்கள் நம்மிடையே நிறைய உள. அத்தகைய நாட்டில், மாணவர்க்கு ஓடவும் பாயவும் பந்தெறியவும் கற்றுக்கொடுத்த ஓர் ஆசிரியரின் பெயரை ஒரு நகரம் தன் மைதானத்துக்குச் சூட்டியிருப்பது கவனத்துக்குரியது. ஹரல்ட் ஜோன் வெபர் அமெரிக்க நாட்டு யேசுசபைத் துறவி. புனித மிக்கேல் கல்லூரியின் விளையாட்டுப் பயிற்றாசிரியர். அவரை அறியாத இளந்தலைமுறையினரும் அவர் பெயரை நாள்தோறும் உச்சரிக்கின்றனர்.

விளையாட்டில் வென்றவனையும் அவனை வெல்லச் செய்தவனையும் ஒரு சமுதாயம் எவ்வாறு போற்றுகின்றது, எவரைப் போற்றாது விடுகின்றது என்பன வெறும் பரிசளிப்பு விழாச் சங்கதிகள் அல்ல. அச்சமுதாயத்தின் உறவுமுறைகள் அங்கே வெளிப்படுகின்றன. வாவிக்கரையின் பள்ளிகளை முன்வைத்து இதனைச் சிறிது ஆராய்வோம்.

தமிழில் இவ்வகைப் போற்றுதலுக்கு மிகப் பழைய சான்று புறநானூற்றில் உண்டு. ஆமூர் மல்லனைப் போரவைக்கோப்பெருநற்கிள்ளி மற்போரில் வீழ்த்திய செய்தியைச் சாத்தந்தையார் பாடியுள்ளார். நக்கண்ணையார் பாடல்களும் அக்கிள்ளியைப் பற்றியனவே. சாத்தந்தையார் பாட்டில் என்னை ஈர்ப்பது வெற்றியின் வருணனை அன்று. மகனோடு பகைத்திருந்த தந்தை தித்தன் இக்காட்சியைக் காணவேண்டும் என்று புலவர் விரும்புகின்றாரே, அந்த மனித நெஞ்சந்தான். வெற்றி பெற்றவனுக்குப் பெயர் உண்டு. அவன் தந்தைக்குப் பெயர் உண்டு. பாடிய புலவர்க்கும் பெயர் உண்டு. தோற்றவனோ வெறும் 'ஆமூர் மல்லன்'. அவன் பிறந்த ஊரை அறிவோம், அவனை அறியோம். அரசகுலத்தை நடுநாயகமாகக் கொண்ட இலக்கியத்தில் வேறெதனை எதிர்பார்க்கலாம்?

இதற்கு நேர்மாறான ஒரு மரபு மட்டக்களப்பின் மண்ணிலேயே வேரோடியிருந்தது. அதுவே கொம்புமுறி விளையாட்டு. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த இவ்விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து நிற்கும். வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. கோவலனும் கண்ணகியும் கொக்கத்தடி கொண்டு பூக்கொய்த பொழுது இரு கொக்கிகளும் ஒன்றிலொன்று சிக்கிக்கொண்டன என்றும், அதிலிருந்தே இவ்விளையாட்டுப் பிறந்தது என்றும் ஐதீகக் கதை கூறும். வைரம் பாய்ந்த மரத்தின் வளைந்த கிளைகள் இரண்டினைத் தேர்ந்து, ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பிணைத்து, இரு சேரியாரும் இருபுறமும் நின்று இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். வென்ற சேரி பாட்டும் கூத்துமாக ஊர்வலம் வரும். தோற்ற சேரி வசைப்பாட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கும். மழை வேண்டியும் நோய் தணிய வேண்டியும் ஊரார் இதனை நடாத்தினர். வி. சீ. கந்தையா அவர்கள் 1964 இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலால் இப்பகுதியின் இத்தகைய மரபுகள் தமிழுலகின் கவனத்துக்கு வந்தன.

இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்று உண்டு. கொம்பு விளையாட்டில் தனி வீரன் இல்லை. கயிற்றைப் பிடித்த நூறு கைகளில் எந்தக் கை வென்றது என எவராலும் கூறமுடியாது. பெருமை சேரிக்குரியது, இழிவும் சேரிக்குரியது, அடுத்த ஆண்டு மீண்டும் இழுக்கலாம் என்பதனால் இழிவு நிலையானதும் அன்று. மற்றுமொன்று: சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வ வழிபாட்டோடு இணைந்து இதே விளையாட்டு 'அங்கெலிய' என்னும் பெயரில் வழங்கிவந்தது. அங்கும் ஊர் இரு கட்சியாகும். உடுபில, யடிபில என்பன அவற்றின் பெயர்கள். கணநாத் ஒபேசேகரா 1984 இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பேராய்வில் இவ்விரு மரபுகளின் உறவு விரிவாகப் பேசப்படுகின்றது. இரு மொழியினரின் உழவர்களும் ஒரே கொம்பைக் கொளுவி இழுத்திருக்கின்றனர். இவ்வுண்மையை நம் பாடநூல்கள் இரண்டு மொழிகளிலும் ஏன் எடுத்துரைப்பதில்லை என்பது தனிக் கட்டுரைக்குரிய வினா.

இந்த மரபின்மேல்தான் பள்ளிக்கூட விருது வந்து அமர்ந்தது. வெஸ்லியன் மிஷன் பாதிரியார் வில்லியம் ஓல்ட் 1814 இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளி தொடங்கினார். மறு ஆண்டே இறந்தும் போனார். அவர் தொடக்கமே மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. 1873 இல் கத்தோலிக்கர் தொடங்கிய பள்ளி புனித மிக்கேல் கல்லூரியாயிற்று. சுவாமி விபுலாநந்தரின் முயற்சியால் வாவிக்கு அப்பால் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. இப்பள்ளிகளுள் மிஷனரிப் பள்ளிகள் ஆங்கில நாட்டுப் பிரபுக் குடும்பப் பள்ளிகளின் நடைமுறைகளை ஏற்றுக்கொண்டன. மாணவரை இல்லங்களாகப் பிரித்தல், ஆண்டுதோறும் மெய்வல்லுநர் போட்டி, அணித்தலைவர், வர்ண விருது, மண்டபச் சுவரில் பொன்னெழுத்துப் பலகை என்பன யாவும் அங்கிருந்து வந்தவையே. 'வர்ணம்' என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் 1829 இல் முதன்முதலாகப் படகோட்டிப் போட்டியிட்டன. 1836 இல் கேம்பிரிட்ஜ் படகில் இளநீல நாடா கட்டப்பட்டது. அன்று முதல் அந்நிறம் அவர்தம் அடையாளமாயிற்று. பல்கலைக்கழகத்துக்காக விளையாடியவன் அந்நிறத்தை அணியும் உரிமை பெற்றான். அந்த நாடாவின் நீண்ட நிழலே இன்று நம் மாணவரின் மேலங்கியில் பொறிக்கப்படும் சின்னம்.

ஏகாதிபத்தியத்துக்கு ஆளும் வர்க்கம் ஒன்று தேவைப்பட்டது. கட்டளைக்குக் கீழ்ப்படியவும் கட்டளையிடவும் ஒருங்கே பழகிய இளைஞரை மைதானம் உருவாக்கும் என அவர்கள் நம்பினர். கொழும்பில் றோயல் கல்லூரிக்கும் சென் தோமஸ் கல்லூரிக்குமிடையே 1879 இல் தொடங்கிய துடுப்பாட்டம், யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்குமிடையே 1904 இல் தொடங்கிய துடுப்பாட்டம் ஆகியன இம்மரபின் கிளைகளே. மட்டக்களப்பிலும் கட்டணம் செலுத்தி ஆங்கிலம் படிக்க வல்ல போடிமார் குடும்பப் பிள்ளைகளும் உத்தியோகத்தர் பிள்ளைகளுமே நீண்டகாலம் இவ்விருதுகளுக்கு உரியவராயிருந்தனர். வயலில் நெல் சுமந்தவனும் வாவியில் தோணி வலித்தவனும் அப்பலகைகளில் ஏறியதில்லை. தோள்வலி அவர்களிடம் இல்லாதிருந்ததா?

ஆயினும் வரலாறு ஒற்றைக் கோட்டில் செல்வதில்லை. ஆதிக்கத்தின் கருவியாக வந்தது மக்களின் உடைமையாக மாறுவதும் உண்டு. மட்டக்களப்பில் அம்மாற்றத்துக்குத் துணைநின்றது கூடைப்பந்தாட்டம்.

இவ்விளையாட்டு எந்தப் பிரபுக் குடும்பத்தின் பொழுதுபோக்காகவும் பிறந்ததன்று. ஓர் உடற்பயிற்சி ஆசிரியரின் வகுப்பறைத் தொல்லையிலிருந்தே பிறந்தது. 1891 டிசெம்பரில், அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில், பனிக்காலத்தில் வெளியே செல்லமுடியாது கட்டிடத்துள் அடைபட்டுக் குழப்பம் விளைத்த பதினெட்டு மாணவர்க்கு ஏதேனும் விளையாட்டு வேண்டும் எனக் கனடாவிற் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம் கூறப்பட்டது. பழக்கூடைகள் இரண்டினை மேல்மாடத்தின் விளிம்பில், பத்தடி உயரத்தில் ஆணியடித்து நிறுத்தி, பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார் அவர். கூடையின் அடி அறுக்கப்படாமையால் ஒவ்வொரு முறையும் பந்தை எடுக்க ஏணி வேண்டியிருந்தது. வகுப்பைக் கட்டிமேய்க்கும் எந்த ஆசிரியருக்கும் இந்தக் கதை உவப்பாயிருக்கும்.

துடுப்பாட்டத்துக்குப் பரந்த புற்றரை வேண்டும். மட்டையும் காப்புறையும் வேண்டும். கூடைப்பந்தாட்டத்துக்கு ஒரு பந்தும் இரண்டு வளையங்களும் சிறியதொரு தளமும் போதும். இன்றைய சர்வதேச அளவின்படியும் ஆடுகளம் 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமுமே. மட்டக்களப்பு நகரின் பழைய பகுதியாகிய புளியந்தீவோ வாவியால் சூழப்பட்ட சிறு நிலம். இடநெருக்கடியுள்ள அத்தீவிலும், அதனை ஒத்த கடலோரத் திருகோணமலையிலும் இவ்விளையாட்டு வேரூன்றியமைக்கு நிலத்தின் இயல்பும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம். மற்றொரு காரணம், அதனைக் கற்பிக்க வந்த மனிதர்கள். பிரெஞ்சு யேசுசபையினருக்குப் பின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து அமெரிக்க யேசுசபையினர் இங்கு பணியேற்றனர். அவர்கள் சிறுவயது முதல் விளையாடி வளர்ந்தது துடுப்பாட்டம் அன்று, கூடைப்பந்தாட்டமே. லூசியானா மாநிலத்தவரான யூஜின் ஜோன் ஹேபர்ட் 1948 இல் வந்தார். பென்ஜமின் ஹென்றி மில்லரும் அதே ஆண்டில் வந்தார். திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் ஹேபர்ட் அடிகளார் பயிற்றிய அணிகள் கொழும்பின் வசதிமிக்க பள்ளிகளை எதிர்த்து நின்றன. தலைநகரின் பத்திரிகைகள் நினைவுகூராத ஒரு மாகாணத்தின் பிள்ளைகளுக்கு அது தன்மதிப்பைத் தந்தது.

பயிற்றாசிரியர்கள் வெளிநாட்டவர், சமயப் பரப்புநர் என்பதை மறைக்கவேண்டியதில்லை. பிற்காலத்தில் முற்போக்காளர் பலர் இதனைச் சுட்டியே மிஷனரிப் பள்ளிகளை எதிர்த்தனர். 1945 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், கன்னங்கரா அவர்களின் திட்டத்தின்படி கிராமப்புறங்களில் எழுந்த மத்திய கல்லூரிகளும் (எம் பகுதியில் வந்தாறுமூலை மத்திய கல்லூரி அவற்றுள் ஒன்று), 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி உதவிபெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றமையும் ஏழைப் பிள்ளைக்குக் கல்விக் கதவைத் திறந்தன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கட்டிடங்களைப் பொறுப்பேற்ற அரசு, பள்ளி முடிந்த பின்னரும் பொழுதுசாயும் வரை மைதானத்தில் நிற்கும் ஆசிரியனை எவ்வாறு பொறுப்பேற்பது என்று சிந்திக்கவில்லை. நேரசூசியில் ஒரு பாடவேளையாக உடற்கல்வி சுருங்கிற்று. நம் கட்சியார் செய்த நல்ல காரியத்திலும் இக்குறை இருந்தது என ஒப்புக்கொள்வதால் நமக்கு இழுக்கில்லை.

இனி, வென்றவனை நாடு போற்றிய விதத்தைக் காட்டும் ஒரு நிகழ்ச்சி. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் உருவான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்பேணிலும் ஒலிம்பிக் போட்டியில் உயரம் பாய்ந்தவர். 1958 இல் தோக்கியோவில் நடைபெற்ற மூன்றாவது ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு அவ்விழாவின் முதற் பொற்பதக்கத்தை ஈட்டித்தந்தார். விழா நடைபெற்ற நாட்கள் மே 24 முதல் யூன் 1 வரை. அந்த நாட்களில் இலங்கையில் என்ன நடந்தது? மே 22 ஆம் திகதி, மட்டக்களப்புப் புகையிரதப் பாதையிலுள்ள பொலன்னறுவை நிலையத்தில் தமிழ்ப் பயணிகள் மீதான தாக்குதல் தொடங்கிற்று. மே 27 இல் அவசரகாலச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. தோக்கியோவில் இலங்கையின் கொடி ஒரு தமிழனின் பாய்ச்சலால் உயர்ந்த அதே வாரத்தில், தமிழன் என்ற காரணத்தால் இலங்கையின் வீதிகளில் மனிதர் அடித்துக் கொல்லப்பட்டனர். பதக்கம் மனிதனைக் காக்கும் என நம்புவோர் இவ்விரு திகதிகளையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

மட்டக்களப்பின் பயிற்றாசிரியர் ஒருவர்க்கு நேர்ந்ததும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டது. ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுகையில் இருந்த முஸ்லிம் மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்றனர். ஓகஸ்ட் 11 ஆம் திகதி இரவு ஏறாவூரில் மீண்டும் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டனர். பதிலுக்குத் தமிழர் மீது தாக்குதல்கள் நடந்தன. தலைமுறைகளாக அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்தவர்கள் ஒருவர் ஊர் வழியே மற்றவர் செல்ல அஞ்சினர். அந்நாட்களில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தை நடாத்திவந்த ஹேபர்ட் அடிகளாருக்கு அறுபத்தாறு வயது. ஓகஸ்ட் 15 ஆம் திகதி, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் தமிழ் இளைஞர் ஒருவருடன் இருசக்கர வண்டியில் புறப்பட்டார். ஏறாவூர்ப் பகுதியைக் கடக்கவேண்டிய பாதை அது. இருவரும் வந்துசேரவில்லை. அவர்தம் உடல்கள் இன்றுவரை கண்டெடுக்கப்படவில்லை. எவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவும் இல்லை.

அடுத்த மாதம், செப்டெம்பர் 5 ஆம் திகதி, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தஞ்சமடைந்திருந்தோருள் 158 பேரை இராணுவத்தினர் பிரித்தெடுத்துக் கொண்டுசென்றனர். அவர்களும் திரும்பவில்லை. அவ்வளாகம் முன்னர் வந்தாறுமூலை மத்திய கல்லூரியாக இருந்த இடம்; கன்னங்கராவின் கனவு பலித்த இடம்; கிராமத்து ஏழைப் பிள்ளைகள் முதன்முதலாக வெண்ணிறக் கோடிட்ட ஓடுதளத்தில் நின்ற இடம். செப்டெம்பர் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானில் 184 தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர். எண்களை எழுதிக்கொண்டே போகலாம்.

எழுதியவர் ஒருவர் உண்டு. ஹேபர்ட்டுடன் 1948 இல் வந்தவரும், 1960களில் புனித மிக்கேல் கல்லூரியின் அதிபராக இருந்தவருமான மில்லர் அடிகளார், மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்துகொண்டு, காணாமற்போனோர் பற்றித் தாய்மாரும் மனைவிமாரும் கூறியவற்றைக் கேட்டுப் பதிவுசெய்தார். பெயர், வயது, ஊர், இறுதியாகக் கண்ட இடம். அதிபராக இருந்து பரிசுபெறுவோர் பெயர்களை வாசித்த மனிதரின் கைகளில், முதுமையில், காணாமற்போனோர் பட்டியல் இருந்தது. 2019 இல் அவர் காலமானார். விளையாட்டு விருதைப் பற்றிய கட்டுரையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். பள்ளியொன்று தன் பிள்ளைகளின் பெயர்களை எழுதிவைப்பது எதற்காக என்பதே நம் ஆராய்ச்சிப் பொருளாயின், மில்லரின் பட்டியலை விட்டுவிட்டு அதனைப் பேசமுடியாது.

வந்தாறுமூலை வளாகத்தைப் பற்றி மற்றொரு செய்தியும் சொல்லவேண்டும். அதே கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம். 2011 இல் சிங்கப்பூரில் நடந்த உலக வலைப்பந்தாட்டப் போட்டியில் மிகச் சிறந்த எறியுநராகத் தெரிவானவர்; 2018 இல் இலங்கை அணி ஆசிய வெற்றிக்கிண்ணத்தை மீட்டபோது அதன் தூணாய் நின்றவர். ஏறத்தாழ ஆறடி பத்தங்குலமான அவர்தம் உயரத்தை ஊரார் நகைப்புக்குரியதாகக் கருதிய காலமும் இருந்தது. பெண்ணின் உயரத்தைக் குறையாக எண்ணும் சமூகம், அவ்வுயரம் கிண்ணத்தைக் கொண்டுவந்த பின் மாலையுடன் வருகின்றது.

எங்கள் பகுதிப் பரிசளிப்பு விழாக்களில் இன்றும் இதன் எச்சங்களைக் காணலாம். ஆண்களின் அணி மேடையேறும்போது பாண்டு வாத்தியம் முழங்குகின்றது. பெண்கள் அணியின் பெயர் நிகழ்ச்சிநிரலின் கடைசியில், பிரதம அதிதி நேரத்தைப் பார்க்கத் தொடங்கிய பின் வாசிக்கப்படுகின்றது. பிரதம அதிதியின் உரையோ சுருங்குவதில்லை. பயிற்றாசிரியருக்கு ஒரு பொன்னாடை. புல்வெட்டிக் கோடு கீறிய ஊழியருக்கு அதுவும் இல்லை.

எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையிலுள்ள வேறுபாடோ இன்னும் கொடிது. சூரியன் படும் திசையிலுள்ள வாவியின் மேற்குக்கரை வயல்நிலம். மாவட்டத்துக்குச் சோறிடும் அப்பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் மைதானம் என்பது மாடுகள் மேயும் வெளியே. அங்கிருந்து வரும் பிள்ளை காலணியின்றி ஓடி, வலயமட்டப் போட்டியில் வென்று, மாகாணப் போட்டிக்குச் செல்லப் பேருந்துக் கட்டணம் இல்லாமல் நின்றுவிடுவதை ஆசிரியர் பலர் அறிவர். நின்றுவிட்ட பிள்ளைக்குப் பலகையில் இடமில்லை. பலகை வென்றவரை மட்டும் அறியும். தகுதி என நாம் போற்றுவதில் எத்தனை பங்கு பேருந்துக் கட்டணம் என்பதைக் கணக்கிட்டால் நம் விருதுப் பட்டியல்கள் சற்று நாணும்.

விருதுகள் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பதினாறு வயதுப் பிள்ளையின் பெயரை ஊரார் முன் உரக்க வாசிப்பது சிறு காரியம் அன்று. ஏழைவீட்டுப் பிள்ளைக்கு அதுவே வாழ்நாளின் முதல் அங்கீகாரமாகவும் இருக்கலாம். ஆனால் கொம்புமுறியில் சேரி முழுவதும் கயிற்றைப் பிடித்ததை அறிந்த மண் இது. இங்கே அணி என்றால் ஐந்து பேரோ பதினொருவரோ மட்டுமல்லர். மாற்று வீரனும், பயிற்றியவரும், பந்து பொறுக்கிய சிறுவனும், உணவு சமைத்தனுப்பிய தாயும் அதில் அடங்குவர்.

ஆசிரியர்கள் உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எம் பள்ளிகளின் பழைய ஆண்டு மலர்களில் அணிகளின் நிழற்படங்களும் பயிற்றுநர் குறிப்புகளும் அச்சாகியுள்ளன. 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியும், அதன்பின் போரும், 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையும் வாவிக்கரையில் காகிதத்தை விட்டுவைத்தவை அல்ல. எஞ்சியவை பழைய மாணவரின் அலுமாரிகளில் உள்ளன. அவர்களிற் பலர் எழுபது வயதைக் கடந்துவிட்டனர். உயர்வகுப்பு மாணவரை இவ்விரண்டு பேராக அனுப்பி, நிழற்படத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார் என்று கேட்டு எழுதச் செய்யலாம். பின்வரிசையில் பாதி முகம் மறைந்து நிற்பவரையும் விடாது கேட்கவேண்டும். வரலாற்றுப் பாடத்துக்கு இதனைவிடச் சிறந்த செயன்முறை வேலை எனக்குத் தோன்றவில்லை. வரும் தவணை விடுமுறையில் எம் வகுப்பு மாணவருடன் நான் இதனைத் தொடங்க இருக்கின்றேன். பழைய மலர்கள் வைத்திருப்போர் ஒருநாள் இரவலாகத் தந்துதவினால், பிரதியெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம்.